மீட்டரைக் கழற்றிய ஃபிரான்சிஸ்

ஃபிரான்சிஸ் வங்கியோடு உறவை முறித்துக்கொள்ளக் காரணம் அவருடைய கட்டைவிரல்.

மலேசியாவில், புக்கிட் ரோத்தானுக்கு உள்ளே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடமைப்பில் அவர் குடியிருக்கிறார். முப்பத்தோரு வருடம் எண்ணெய் ஆலையில் கொதிகலன் பார்த்தவர். வால்வைத் திருகித் திருகி, சூட்டுக் குழாயைத் தொட்டுத் தொட்டு, விரல்களில் ரேகை என்று எதுவும் மிச்சமில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், வந்து சேர்ந்த சேமநிதிப் பணத்தில் கொஞ்சம் எடுக்கலாம் என்று வங்கிக்குப் போனார். முகப்பிலிருந்த பெண் ஒரு சிறிய கருவியை நீட்டிக் கட்டைவிரலை வைக்கச் சொன்னாள். வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. சட்டையில் துடைத்துவிட்டு வைத்தார். நாக்கில் தொட்டு வைத்தார். இடது கையை வைத்துப் பார்த்தார். சிவப்பு மாறவில்லை. அந்தப் பெண் மரியாதையாகத்தான் சொன்னாள்: நீங்கள்தான் நீங்கள் என்று கருவி ஒப்புக்கொள்ளவில்லை, வேறு விண்ணப்பப் பாரம் எழுத வேண்டும், இரண்டு வாரம் ஆகும். ஃபிரான்சிஸ் அடையாள அட்டையைக் கழுத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, படத்தில் இருப்பதைப் போலவே முறைத்துக் காட்டினார். பலனில்லை.

இரண்டு வாரம் கழித்து மொத்தப் பணத்தையும் எடுத்துக் கணக்கை மூடினார். அந்தப் பணம் இரண்டு பசுவாகவும், பன்னிரண்டு வாத்தாகவும், வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர் நிலமாகவும், ஒரு கிணறாகவும் மாறியது. தான் யார் என்று கேட்காதவர்களோடு மட்டும்தான் இனிமேல் கொடுக்கல் வாங்கல் என்று அறிவித்தார். பசு கேட்கவில்லை.

அதோடு நின்றிருந்தால் அவரைப் பற்றி எழுத ஒன்றும் இருந்திருக்காது. வங்கி போனபின் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. பல் துலக்கும்போது ஒரு கம்பெனி, குளிக்கும்போது இரண்டு கம்பெனி என்று எண்ண ஆரம்பித்தார். தஞ்சோங் காராங் நெல் ஆலையிலிருந்து ஒரு கோணி உமி கொண்டுவந்து கருக்கி, இடித்து, சலித்துப் பற்பொடி செய்தார். பொடி நன்றாகத்தான் இருந்தது. ஈறோரம் தங்கிவிடும், அவ்வளவுதான். அவருடைய மனைவி லில்லியன் பாலர் பள்ளி ஆசிரியை. ஒரு நாள் பிள்ளைகள் ‘என் ஆசிரியர்’ என்று படம் வரைந்தார்கள். பதினேழு படங்களிலும் ஆசிரியருக்குக் கறுப்புப் பல்.

செம்பனை எண்ணெயில் சவர்க்காரம் காய்ச்சினார். அதில் துவைத்த சட்டை ஆள் இல்லாமலே நின்றது. காப்பித்தூளுக்குப் பதில் சோளம் வறுத்தார். கைப்பேசியை விட்டார், அவரிடம் பேச வேண்டியவர்கள் அடுத்த வீட்டு லூகாஸை அழைத்தார்கள். பழைய ஆலைக் கூட்டாளியான லூகாஸ் வேலிக்கு வந்து செய்தியைக் கத்திவிட்டுப் போவார். இதனால் ஃபிரான்சிஸின் மூலவியாதி மருந்து கிளினிக்கில் தயாராகிவிட்டது என்பதை வீடமைப்பே அறிந்துகொண்டது.

இந்த மாசியில் மின்சார மீட்டரையும் கழற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தார். துணி துவைக்கும் மெஷினும் ஐஸ் பெட்டியும் நின்றுபோயின. ஐஸ் பெட்டிக்குள் வாத்து முட்டை அடுக்கினார். சூரியத் தகடு போடலாமே என்று மகள் அபிகெயில் ரவாங்கிலிருந்து, லூகாஸ் வழியாக, சொல்லிப் பார்த்தாள். தகட்டைச் செய்கிறவன் யார் என்று ஃபிரான்சிஸ் திருப்பிக் கேட்டார். லூகாஸ் இரண்டு பக்கமும் கத்திக் களைத்துப்போனார்.

விளக்குக்கு அவர் ஒரு சைக்கிளைத் தயார் செய்தார். இதில் அவசரப்படவில்லை, அவர் எதிலும் அவசரப்பட்டதில்லை. பின்சக்கரம் தரையைத் தொடாதபடி இரும்புத் தாங்கி அடித்து, டயரை உருவிவிட்டு, வெறும் வளையத்தில் பட்டை மாட்டி, முதலில் லோரி டைனமோ ஒன்றைச் சுழற்றிப் பார்த்தார். அதை அசைக்க மூன்று ஆள் வேண்டும். பிறகு குப்பைமேட்டில் கிடந்த டிரெட்மில்லின் மோட்டாரைக் கழற்றிக் கொண்டுவந்தார். பட்டை நழுவாமலிருக்க வளையத்தில் பட்டை உட்காரும் பள்ளத்தை அரத்தால் கொஞ்சம் சொரசொரப்பாக்கினார். மோட்டார் சைக்கிளின் முகப்பு விளக்கு பல்பைக் கூடத்தின் நடுவில் தொங்கவிட்டார். மிதித்தால் எரிந்தது. நிறுத்திய கணமே அணைந்தது. இடையில் ஒரு பேட்டரி வைத்தால் நின்று எரியுமே என்று லூகாஸ் சொன்னார். பேட்டரியும் கம்பெனிதான் என்றார் ஃபிரான்சிஸ். அப்படியானால் பல்பு என்ன, மரத்தில் காய்த்ததா என்று லூகாஸ் விடவில்லை. வீசியெறிந்த பொருளுக்குக் கம்பெனி கிடையாது என்பது ஃபிரான்சிஸ் கண்ட சட்டம்.

சாதாரண நாள்களில் தேங்காய் எண்ணெய் விளக்கே போதுமாக இருந்தது. சிக்கல் அன்பியக் கூட்டத்தால் வந்தது. அந்த வட்டாரத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒரு வீட்டில் கூடிச் செபமாலை சொல்வார்கள். ஆகஸ்டில் லில்லியன் வீட்டு முறை. முப்பது பேர் வருவார்கள். அதில் பாதிப் பேர் கண்ணாடி போட்டவர்கள்; செபப் புத்தகத்தைப் பார்த்துத்தான் படிப்பார்கள்.

லில்லியன் ஆறு மாதமாகப் பேசாமல் வைத்திருந்ததை முறை நெருங்கியதும் பேசினார். கையால் துவைத்துத் துவைத்து விரல் வெடித்திருந்தது. செபம் தொடங்கி முடியும்வரை விளக்கு அணையக் கூடாது, ஒரு கணம் அணைந்தாலும் திங்கட்கிழமை காலையில் போய் மீட்டருக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்றார். அணையாவிட்டால் தான் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. ஃபிரான்சிஸ் உடனே ஒப்புக்கொண்டார். லூகாஸை உதவிக்கு மிதிக்கச் சொல்லலாம் என்று அவர் மனத்தில் ஓடியது லில்லியனுக்குத் தெரிந்துவிட்டது.

“வீட்டாளுங்கதான் மிதிக்கணும். லூகாஸ் அண்ணன் கால்ல நிக்கிறதுக்குப் பேரு சொந்தக் காலா?”

ஃபிரான்சிஸ் ஒத்திகை பார்த்தார். செபமாலை என்பது பத்துப் பத்தாக ஐந்து சுற்று, ஐம்பது மணி, ஒவ்வொரு மணிக்கும் ஒரு செபம். தினமும் சாயங்காலம் சைக்கிளில் ஏறி, தானே சொல்லிக்கொண்டு மிதித்தார். ஐந்து சுற்றும் பதினான்கு நிமிடத்தில் முடிந்தன. மூன்று வாரத்தில் மூச்சு வாங்குவதும் நின்றது. எண்ணெய் போட வேண்டிய இடத்திலெல்லாம் எண்ணெய் போட்டார். பட்டைக்கு மாற்றுப் பட்டையும் எடுத்து வைத்தார்.

அவர் கணக்கில் எடுக்காதது ஒன்றே ஒன்று. தனியாகச் செபமாலை சொல்கிறவன் பாட மாட்டான். அன்பியத்தில் ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் ஒரு பாட்டு உண்டு. நாற்பது வருடமாக அந்தப் பாட்டுகளைத் தானும் சேர்ந்து பாடிவந்த மனிதர் அதை எப்படி மறந்தார் என்று கேட்டால், அவரால் இன்றுவரை சொல்ல முடியவில்லை.

கூட்டத்தன்று ஏழரை மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். அன்பியத் தலைவி நட்டாலி, சுங்கை சோ என்ற ஊரில் மாடி வீடு கட்டி, அங்கே ஒரு வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். குளிர்சாதனம் இல்லாத வீடுகளில் கொஞ்சம் சத்தமாக விசிறிக்கொள்வார். கூடத்தின் ஓரத்தில், மாதா படத்துக்குப் பக்கத்தில், வெள்ளைச் சட்டையும் டையுமாகச் சைக்கிள்மேல் உட்கார்ந்திருந்த ஃபிரான்சிஸை எல்லோரும் ஒரு தடவை பார்த்துவிட்டுச் செபப் புத்தகத்தைத் திறந்தார்கள். அவர் மிதித்தார். பல்பு எரிந்தது. செபம் தொடங்கியது.

நட்டாலி செபத்தை இழுத்து, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லுவார். முதல் சுற்று முடியவே ஆறு நிமிடம் ஆனது. பிறகு பாட்டு. மூன்று சரணம். ஃபிரான்சிஸின் முகம் மாறியது. இரண்டாவது சுற்றில் டையைத் தளர்த்தினார். வெளிச்சம் அவர் காலோடு சேர்ந்து ஏறி இறங்கியது. எழுத்து மங்கும்போது கூட்டம் இழுத்தது, தெளியும்போது விடுபட்டதையெல்லாம் சேர்த்துப் படித்தது. இரண்டாவது பாட்டுக்கு நான்கு சரணம். கடைசிச் சரணத்தை மறுபடியும் பாடலாம் என்று பின்வரிசையில் யாரோ ஆசைப்பட்டார்கள்.

மூன்றாவது சுற்றின் முடிவில் அவருடைய வலது கெண்டைக்கால் சுருட்டிக்கொண்டது. ஒற்றைக் காலால் மிதித்தார். பல்பு சிவந்தது. நட்டாலி பக்கத்திலிருந்த லில்லியனிடம் குனிந்து பேசினார். இரக்கத்தோடுதான் பேசினார், ஆனால் அவருடைய இரக்கம் கடைசி வரிசைவரை கேட்கும்.

“பில்லு கட்ட முடியலன்னா அன்பியத்துல ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா, அக்கா. எல்லாருமா போட்டுக் குடுத்திருப்போமே.”

நாலைந்து பேர் உதவியாகக் கைப்பேசி வெளிச்சத்தைத் திறந்தார்கள்.

லில்லியன் வெற்றிக்கு மிக அருகில் இருந்தார். சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும். இன்னும் அரை நிமிடத்தில் துணி துவைக்கும் மெஷின் அவருடையது. அவர் எழுந்தார். எல்லாவற்றையும் அணைத்துப் பைக்குள் வையுங்கள் என்று பாலர் பள்ளிக் குரலில் சொன்னார். வைத்தார்கள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சைக்கிளிடம் போனார். ஃபிரான்சிஸ் இடது காலால் மிதித்துக்கொண்டே நழுவ, லில்லியன் தன் வலது காலை வைத்து ஏறினார். பல்பு மினுக்கியது. அணையவில்லை.

பிறகு பிடித்தது பாருங்கள் வெளிச்சம். லில்லியன் சிறுவயதில் தோட்டத்திலிருந்து இடைநிலைப் பள்ளிக்கு, போக ஐந்து மைல் வர ஐந்து மைல், செம்மண் சாலையில் மிதித்தவர். அந்தக் கூடம் மாசிக்குப் பிறகு அவ்வளவு பிரகாசமாக இருந்ததில்லை. கூரையின் ஒட்டடை தெரிந்தது. நட்டாலி கண்ணைச் சுருக்கிக்கொண்டார். கூட்டம் தானாகவே வேகம் பிடித்து, நான்காவது சுற்றை நாலரை நிமிடத்தில் முடித்தது.

ஃபிரான்சிஸ் தரையில் உட்கார்ந்து, ஒரு கையால் தன் காலையும் மறுகையால் சைக்கிளின் தாங்கியையும் பிடித்துக்கொண்டிருந்தார். ஜெயித்தாகிவிட்டது என்று நினைத்தார். ஐந்தாவது சுற்று தொடங்கியது.

“மெஷினு,” என்றார் லில்லியன், உதடு அசையாமல்.

ஃபிரான்சிஸ் நிமிர்ந்து பார்த்தார். வெளிச்சம் ஒரு படி இறங்கியது.

“துணி தொவைக்கிற மெஷினு ஓடணும்.”

“லில்லி, செபம் நடக்குது.”

இன்னொரு படி இறங்கியது. கூட்டம் இழுக்க ஆரம்பித்தது.

“சரி. ஓடட்டும்.”

வெளிச்சம் ஏறியது. செபமாலையில் மூன்று மணி நகர்ந்தபின் ஐஸ் பெட்டியின் பேச்சு வந்தது. அதற்கு ஃபிரான்சிஸ் அதிகம் தயங்கவில்லை. மெஷினுக்கு மீட்டர் வந்தால் ஐஸ் பெட்டி தானாக ஓடும் என்பது அவருக்கும் தெரியும். அடுத்தது பற்பசை.

“கடையில விக்கிறதா?”

“புதினா மணக்கிறது.”

பற்பசைக்காக இன்னும் இரண்டு மணி உருளும்வரை நேருக்கு நேர் முறைத்துக்கொண்டார்கள். முன்வரிசையில் ஒருவர் புத்தகத்தை மூக்கோடு ஒட்டிக்கொண்டார். ஃபிரான்சிஸ் தலையாட்டினார். அரை வெளிச்சம் முழு வெளிச்சமாயிற்று. செபமாலையில் கடைசி மூன்று மணிகள் இருந்தன.

“பேங்க்கு,” என்றார் லில்லியன்.

“அது முடியாது.”

பல்பு மங்கியது, மஞ்சளாயிற்று, சிவந்தது. உள்ளே ஒரு நெருப்புக் கம்பி மட்டும் தெரிந்தது. செபம் ஏறக்குறைய நின்றுவிட்டது. ஃபிரான்சிஸ் தாங்கியைப் பிடித்தபடி, கட்டைவிரலை ஆள்காட்டி விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“அணைஞ்சா அணையட்டும், லில்லி. நான் யாருன்னே தெரியாத எடத்துல மறுபடி போயி நிக்க மாட்டேன்.”

அந்தக் கம்பி இருந்த நிலையில் இன்னும் அரை மிதி குறைந்திருந்தால் அதுவும் அணைந்திருக்கும். லில்லியன் மேலிருந்து அவரைப் பார்த்தார். பிறகு அழுத்தி மிதித்தார்.

“நீங்க யாருன்னு எனக்குத் தெரியும். தாங்கியப் புடிங்க, ஆடுது.”

செபம் முடிந்தது. விளக்கு அணையவில்லை. ஆனாலும் லில்லியன் இறங்கவில்லை; இறங்கினால் முப்பது பேரும் இருட்டில் சாப்பிட வேண்டும். ஃபிரான்சிஸ் நொண்டிக்கொண்டே வாத்து முட்டைச் சம்பலும் மரவள்ளிக் கிழங்கும் பரிமாறினார். மனைவிக்கு ஒரு தட்டு எடுத்துவந்து, அவர் மிதிக்க மிதிக்க ஊட்டினார். ஒவ்வொரு வாய்க்கும் முன்னால் லில்லியன், ஒப்புக்கொண்டதை வரிசையாகச் சொல்லச் சொன்னார். மெஷின், ஐஸ் பெட்டி, பற்பசை என்று அவர் சொல்லி முடித்தபின்தான் வாயைத் திறந்தார். நட்டாலி தானும் ஒரு சுற்று ஏறிப் பார்க்கலாமா என்று கேட்டார். வீட்டாள்கள் மட்டும்தான் என்று லில்லியன் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு ஃபிரான்சிஸ் மின்சார அலுவலகத்தில் முதல் ஆளாக நின்றார். பந்தயத்தில் தான் தோற்கவில்லை, விளக்கு அணையவே இல்லை என்பதைக் காவலாளியிடமும் வரிசையில் பின்னால் நின்றவரிடமும் விளக்கினார். பாரத்தில் மீண்டும் இணைப்புக் கேட்பதற்குக் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. வெகுநேரம் யோசித்து, பேனாவை உதறி, ‘லில்லியன்’ என்று அழகாக எழுதினார்.

முகப்புப் பெண் அதைப் படித்துவிட்டு, இது எந்தக் கம்பெனி என்று மலாய் மொழியில் கேட்டாள். பெரிய கம்பெனி என்றார் ஃபிரான்சிஸ். முப்பத்தாறு வருடமாக அங்கே கணக்கு இருக்கிறது, அதை மூடுவதற்கு மட்டும் இன்னும் ஒரு பாரமும் வரவில்லை என்றும் சொன்னார். அந்தப் பெண் சிரிக்காமல் முத்திரையைக் குத்தினாள்.