ஜப்பான் மெஷினும் என் இங்கிலீஷும்

சென்னையில் ஜப்பானிய மொழி படித்துவிட்டுக் கோவில்பட்டிக்குத் திரும்பியிருந்தேன். எங்கள் தெருவில் தீப்பெட்டி ஆபீஸ் நடத்திய அண்ணாச்சி, பண்டல்களுக்குத் தாள் சுற்றும் பழைய மெஷின் ஒன்றை ஜப்பானிலிருந்து வரவழைத்திருந்தார். கூட வந்த புத்தகம் முழுக்க ஜப்பானிய எழுத்து. மெஷினின் பாகங்களைப் பூட்டி ஓடவைக்க வரும் இன்ஜினியரோ புனேக்காரர், தமிழ் தெரியாது.

“இங்கிலீசுல எழுதிக் குடும்மா. ஒன்ன விட்டா இந்த ஊர்ல யாரு இருக்கா?” என்றார் அண்ணாச்சி.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மளமளவென்று எழுதி ஃபேக்ஸ் அனுப்பினேன். மறுநாளே இன்ஜினியர் போனில், “எல்லாம் இங்கிலீஷ் வார்த்தைகள்தான். ஆனால் யார் என்ன செய்யவேண்டும் என்று புரியவில்லையே” என்றார்.

முகம் சுண்டிப்போயிற்று. ‘மூடி திறந்த நிலையிலான இயக்கத்தை மேற்கொள்ளாதிருக்கவும்’ என்று ஜப்பானியன் எழுதியிருந்ததை, ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் இழுத்து வைத்திருந்தேன்.

மெஷினையாவது பார்ப்போம் என்று ஆபீசுக்குப் போனேன். அங்கே குச்சி அடுக்கும் மெஷினருகே மேற்பார்வை அக்கா யாரையோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். “ஏட்டி, மூடியத் தொறந்து போட்டுக்கிட்டு மிஷின ஓட்டாத!”

அப்படியே நின்றுவிட்டேன். அதே வாக்கியம்! நோட்டைப் பிரித்து, நின்றபடியே எழுதினேன்: ‘டோன்ட் ரன் த மெஷின் வித் த கவர் ஓப்பன்.’ எதிரில் ஓர் ஆள் நிற்பதாக நினைத்ததுமே இங்கிலீஷ் ஓட ஆரம்பித்துவிட்டது.

அடுத்தது, ‘சத்தம் வந்தால் நிறுத்தவும்.’ எதிலிருந்து வரும் சத்தம்? ஜப்பானியத்தில் சொல்லவேண்டியதில்லை, தமிழிலும் வேண்டாம். இங்கிலீஷில் எழுதினால் அந்தரத்தில் நிற்கிறது. இன்னும் பூட்டாமல் கிடந்த ஜப்பான் மெஷினில், பெல்ட் மாட்டியிருந்த உருளையைக் கையால் சுற்றிப் பார்த்தேன். பெல்ட் கிறீச்சிட்டது. துள்ளிக் குதிக்காத குறைதான். ‘பெல்ட் கிறீச்சிட்டால் மெஷினை நிறுத்து’ என்று இங்கிலீஷில் எழுதினேன். இப்படியே ஒரு வாரத்தில் புத்தகம் முழுவதையும் மாற்றி எழுதினேன்.

இன்ஜினியர் வந்து என் தாள்களைப் பார்த்துப் பார்த்தே மெஷினைப் பூட்டினார். முதல் பண்டல் தாள் சுற்றி வெளியே விழுந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள்.

“இதை எழுதியவர் எங்கே?” என்று இங்கிலீஷில் கேட்டார். அண்ணாச்சி என்னைக் கைகாட்டி, “இங்கனதான் நிக்கா, எங்க தெருப் புள்ள” என்று தமிழிலேயே சொன்னார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை, வெட்கம்.

இன்ஜினியர் என் தாள்களில் பதினோராம் பக்கத்தில் ஒரு வரியைக் காட்டி, “இது மட்டும் இன்னும் கொஞ்சம் இடறுகிறது” என்றார். நான் பென்சிலோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.