பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு களிம்பு

மெடிக்கல் ஷாப்பில் உட்கார்ந்தவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: தலைவலியும் காய்ச்சலும் மருந்து வாங்க வருகிறவருக்கே வரும், இடுப்புக்குக் கீழே வருகிற தொல்லை மட்டும் எப்போதும் பக்கத்து வீட்டுக்காரிக்குத்தான் வரும். கோவளம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு கடையில் நான் பார்மசிஸ்ட், பெயர் வசந்தா. அந்தப் பக்கத்து வீட்டுக்காரியை இதுவரை நேரில் பார்த்ததில்லை. பாவம், அவளுக்கு இல்லாத உபாதை இல்லை. உங்கள் தெருவிலும் அவள் குடியிருப்பாள் என்ற நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன்.

வராத நோயாளி

மைமூன் அக்காவின் வீட்டுக்காரர் சலீம் பாய், மீன் வலையும் நைலான் கயிறும் விற்கிறவர். கடையில் ஆள் இல்லாத ஒரு மத்தியான நேரத்தில் அக்கா வந்தார். பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சொறிக்குப் போடுகிற களிம்பு வேண்டுமாம். எந்த இடத்தில் என்று கேட்டேன். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, "கீழ. உள்ளாற. காஞ்சி போயி எரியுதாம்" என்றார்.

அரிப்பு உண்டா, வாடை வருகிறதா, மாதவிலக்கு நின்ற பிறகு எப்போதாவது ரத்தம் பட்டதா என்று வரிசையாகக் கேட்டேன். வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்று அக்கா ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. இல்லை, இல்லை என்று பதில் உடனுக்குடன் வந்தது. கணவரோடு சேரும்போது வலிக்கிறதா என்றதும் குரல் இறங்கிவிட்டது. "மணலப் போட்டுத் தேய்ச்சா மாதிரி கீதாம். அதனால அவ கிட்டயே போறதில்ல. அந்த ஆளு, இவளுக்கு என்னப் புடிக்காம போயிடுச்சின்னு நெனச்சிகினு, பாயச் சுருட்டிகினு மொட்டை மாடிக்குப் போயிட்டாரு. பேசிச் சிரிச்சிகினு இருந்த ஜோடி வசந்தா அது."

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் பக்கத்து வீட்டு அக்காவை நான் காட்டிக்கொடுக்கவில்லை. மாதவிலக்கு நின்றால் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்கிற ஹார்மோன் குறையும், உள்ளே இருக்கிற தோல் மெலிந்து ஈரம் வற்றும், நிறைய பெண்களுக்கு வருவதுதான், சரிசெய்ய வழி உண்டு என்று சொன்னேன். சொறிக் களிம்பைத் தடவினால் இன்னும் எரியும், செங்கல்பட்டில் ஒரு லேடி டாக்டர் இருக்கிறார், போய்க் காட்டச் சொல்லுங்கள் என்றேன். அக்கா கண்ணாடி மேஜையை விரலால் தேய்த்துக்கொண்டே நின்றார். "வயசானா முடி நரைக்கும்னாங்க, பல்லு ஆடும்னாங்க. இத மட்டும் ஏன் ஒருத்தியும் சொல்லல?" என்றவர், சட்டென்று சேர்த்துக்கொண்டார்: "அந்த அக்கா கேக்கச் சொன்னா."

குளிர்ச்சி வைத்தியம்

அக்கா டாக்டரிடம் போகவில்லை. நம் பக்கத்தில் உடம்பில் எது வறண்டாலும் தீர்ப்பு ஒன்றுதான், உடம்புச் சூடு. ஹார்மோன் பற்றி நான் பேசியது அக்கா காதில் ஏறவே இல்லை. வெறும் வயிற்றில் ஊறவைத்த வெந்தயம், அப்புறம் நீர்மோர், மத்தியானம் நுங்கு, சாயந்திரம் இளநீர். தனக்கு மட்டும் செய்தால் வீட்டில் கேள்வி வரும் என்று சலீம் பாய்க்கும் அதே சாப்பாடு. கொஞ்ச நாளில் பாய் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கடைக்கு வந்தார். தனக்கும் சம்சாரத்துக்கும் சளி மாத்திரை வாங்கிக்கொண்டு, "இன்னா கோவமோ தெரியல தங்கச்சி, வூட்ல எனக்கு மோர்க் கஞ்சிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து அக்கா வந்தார். பக்கத்து வீட்டு அக்காவுக்கு முன்னைவிட மோசமாம். வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று விசாரித்தேன். சளி மாத்திரை மட்டும்தானாம். அழுக்குப் போகட்டும் என்று காயம் கழுவுகிற மருந்தை வெந்நீரில் கலந்து உள்ளேயும் கழுவுகிறாராம். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். மூக்கு ஒழுகலை நிறுத்துகிற அந்த வகை மாத்திரை மூக்கோடு நிற்காது, வாயையும் காயவைக்கும், அந்த இடத்தையும் காயவைக்கலாம். சோப்பும் மருந்துத் தண்ணீரும் இருக்கிற கொஞ்சநஞ்ச ஈரத்தையும் வழித்துவிடும். உள்ளே எதுவும் ஊற்ற வேண்டாம், வெளியே வெறும் தண்ணீர் போதும் என்றேன். அக்கா நான் சொன்னதை ஒன்றோடொன்று கோத்துப் பார்த்தார். "அப்போ சூட்டுக்கு வெந்தயம், வெந்தயத்தால சளி, சளிக்கு மாத்திரை, மாத்திரையால திரும்ப காஞ்சி போயி, ஆரம்பிச்ச எடத்துக்கே வந்து நின்னுகினு கீறேனா நான்?"

அந்த 'நான்' இருவர் காதிலும் விழுந்தது. இருவருமே கண்டுகொள்ளவில்லை. பிறகு அவரே திருத்திக்கொண்டார், "அந்த அக்காதான்."

சிறுசேரியிலிருந்து ஒரு ஃப்ரெண்ட்

அப்போதுதான் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க ஒரு பெண் உள்ளே வந்தாள். சிறுசேரியில் வேலை, பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியிருக்கிறாள். அவளுடைய ஆபீஸ் ஃப்ரெண்டுக்கு மெனோபாஸ் வந்துவிட்டதாம், அதற்கு மாத்திரை வேண்டுமாம். ஃப்ரெண்டுக்கு என்ன வயது என்றேன். இருபத்தொன்பது. யார் சொன்னது என்றேன். நெட்டில் பார்த்தாளாம், எல்லா அறிகுறியும் பொருந்துகிறதாம்.

ஃப்ரெண்ட் குழந்தைக்குப் பால் கொடுக்கிறாளா என்று கேட்டேன். ஆமாம் என்றாள், கை தன்னையறியாமல் துப்பட்டாவைச் சரிசெய்தது. பால் கொடுக்கும்போதும் அதே ஹார்மோன் குறையும், அதனால் வறட்சி வரும், பால் கொடுப்பதைக் குறைத்து நிறுத்திய பிறகு பெரும்பாலும் சரியாகிவிடும். அதுவரை தண்ணீரில் செய்த, வழுவழுப்பு தருகிற லூப்ரிகன்ட் ஜெல் போதும், ஆணுறை பயன்படுத்தினால் எண்ணெய் மட்டும் கூடாது, கிழிந்துவிடும். அப்படியும் வலி போகாவிட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றேன். அவள் ஜெல்லை வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஓடாத குறையாகப் போனாள். ஓரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மைமூன் அக்கா முகத்தில் பெரிய நிம்மதி. "இத்தினியூண்டு பொண்ணு, அதுக்கே பக்கத்து வூட்டுக்காரி ஒருத்தி கீறா பாரு. செங்கல்பட்டு பஸ்சு எத்தினி மணிக்கு வசந்தா?"

செங்கல்பட்டு போய் வந்தது

மறுநாள் சாயந்திரம் அக்கா சீட்டோடு வந்து நின்றார். உள்ளே வைக்கிற குறைந்த அளவு ஹார்மோன் களிம்பு, வாரத்தில் சில நாள் போடுகிற ஈரப்பசை ஜெல், சேரும்போது தடவ லூப்ரிகன்ட். ஒரே நாளில் பலன் தெரியாது, சில வாரம் பொறுக்க வேண்டும் என்று டாக்டரும் சொல்லியிருந்தார், நானும் சொன்னேன். வழக்கப்படி செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புக் கவரில் போட்டுக் கொடுத்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா செங்கல்பட்டு வரை போய் வந்தாரே, பெரிய விஷயம்தான் என்று நான் சும்மா இல்லாமல் வாயைக் கொடுத்தேன். மைமூன் அக்கா கொஞ்சமும் அசரவில்லை. "அவ எங்க வந்தா? டாக்டரம்மா ஆளப் பாக்காம எழுத மாட்டேன்னுட்டாங்க. அதான் அவளுக்குப் பதிலா நானே படுத்துக் காட்டிட்டு வந்தேன்."

பாயின் கூட்டாளி

இரண்டு நாள் கழித்து சலீம் பாய் வந்தார். மற்றவர்கள் போகும் வரை இருமல் மருந்து பாட்டில்களை வேடிக்கை பார்த்தார். பிறகு தணிந்த குரலில், "என் கூட்டாளி ஒருத்தன் கீறான், தங்கச்சி. அவன் சம்சாரம் அவன ஒதுக்கி வெச்சிட்டா. மனசு மாறுறதுக்கு மருந்து ஏதாச்சும் கீதா?" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஒரு வாடிக்கையாளரின் ரகசியத்தை இன்னொருவரிடம் சொல்ல முடியாது, அது அவர் கணவராகவே இருந்தாலும்.

ஆகவே கூட்டாளியின் சம்சாரத்துக்கு என்ன வயது என்று விசாரித்துவிட்டுப் பொதுவாகப் பேசினேன். அந்த வயதில் நிறைய பெண்களுக்கு உள்ளே வறண்டு போகும், தொட்டாலே வலிக்கும், வெளியே சொல்லத் தெரியாமல் விலகிப் போவார்கள். கூட்டாளி கோபப்படாமல் பக்கத்தில் உட்கார்ந்து வலிக்கிறதா என்று கேட்டாலே பாதிப் பிரச்சினை தீரும், அவசரமும் கூடாது என்றேன். பாய் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "வலின்னு தெரியாதும்மா அவனுக்கு. தெரிஞ்சிருந்தா மாடிக்கா போயிருப்பான்?"

கவர் இல்லாமல்

மழைக்காலம் ஆரம்பித்த பிறகு ஒரு நாள் இருவரும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். கடையில் நல்ல கூட்டம். மாடியில் படுக்க முடியவில்லையா பாய், மழை நனைக்கிறதா என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். பாய் கயிறு விற்கிற அதே சத்தத்தில் ஜெல்லின் பெயரைச் சொல்லி இரண்டு கேட்டார். நான் அவசரமாகச் செய்தித்தாளை எடுத்தேன்.

"பேப்பர்லாம் எதுக்கு, சும்மா குடு" என்று அக்கா வாங்கி, காய்கறிப் பையில் முருங்கைக்காய்க்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். கணவர் வண்டியைத் திருப்புகிற வரைக்கும் காத்திருந்து, என் பக்கம் குனிந்தார். "பக்கத்து வூட்டு அக்காவும் இவரு கூட்டாளியும் ராசி ஆயிட்டாங்களாம் வசந்தா. ரெண்டு பேரும் உனக்கு சலாம் சொல்லச் சொன்னாங்க."

இத்தனையும் தைரியமாக எழுதுகிற நான், போன மாதம் அதே செங்கல்பட்டு டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்து "எங்க கடைக்கு வர்ற ஒரு அக்காவுக்கு" என்று ஆரம்பித்ததையும், அவர் கையுறையை மாட்டிக்கொண்டே "அந்த அக்காவ மேல ஏறிப் படுக்கச் சொல்லுங்க" என்றதையும் சொல்லிவிட்டால், என் தொழில் அனுபவம் மொத்தமும் சொன்னதாகிவிடும்.