மற்ற ஆக்களின் கணினி

எங்கள் நகரின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் பழைய கணினி திருத்துபவர் அவர். சட்டைப்பையில் எப்போதும் மூன்று திருப்புளிகள் செருகியிருக்கும் மெலிந்த மனிதர். எண்பதுகளில் அவர் விற்ற கணினியைச் செய்த கம்பனி, போட்டியில் தோற்று மூடப்பட்டது. வென்ற கம்பனியின் பெயரை அவர் உச்சரிப்பதில்லை. ‘மற்ற ஆக்கள்’ என்பார். அவர்களின் கணினிகளைத் தொடுவதுமில்லை.

2003இல் நான் கொண்டுபோனது அவர்களுடையதைத்தான். அது ஓடாமல் நின்றுபோனதில், நான் எடுத்த பேட்டிகள் அதற்குள் சிக்கியிருந்தன.

“தெரிஞ்சுகொண்டே கொண்டந்தனீர்?”

“வேற ஆரிட்டக் குடுக்கிறது, அண்ணை?”

அதன் சின்னத்தின்மேல் டேப் ஒட்டி மறைத்துவிட்டுத் திறந்தார். வெகுநேரம் உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார்.

“வடிவாத்தான் செய்திருக்கிறாங்கள்,” என்றார். “வெளியில கதைச்சுப்போடாதையும்.”

மறுவாரம் போனபோது கணினி ஓடியது.

“மற்ற ஆக்களின்ர சாமானை எடுத்துக்கொண்டு போம்.”

டேப் கழற்றப்பட்டிருந்தது. சின்னம் புதிதுபோல் மினுங்கியது. யார் துடைத்தது என்று நான் கேட்கவில்லை.