தலைவெட்டி மெர்சி டீச்சர்

கருங்கல் சந்தையில் மீன் பார்த்துக்கொண்டிருந்தபோது மெர்சி டீச்சர் போய்விட்டார் என்று போன் வந்தது. இப்படி வரும் போன்களை எடுத்தெடுத்தே என் காது தேய்ந்து பாதியாகிவிட்டது. மீன் வாங்காமலே திரும்பினேன்.

அவருடன் எங்கள் பள்ளியில் வேலைபார்த்த எல்லாருக்கும் தெரியும்: பிள்ளைகளை அதட்டக்கூடத் தெரியாத அந்தக் கணக்கு டீச்சர், செடியென்று வந்தால் கொலைகாரி. ஆசிரியர் அறை பீரோவின் மேல் நான் ஒரு சக்குலென்ட் செடி வைத்திருந்தேன். தடித்த இலைகளோடு உருண்டையாக இருந்த அது ஒரு முழம் உயர்ந்தது. ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் அதை அண்ணாந்து பார்ப்பதாக நான் அறிவித்தேன்.

“சாரே, இது வளர்ச்சியில்ல. வெளிச்சம் இல்லாம சன்னலத் தேடி ஓடுது. இலைக்கு இலை எம்புட்டு எடவெளி, பாத்தியளா?” என்றபடியே டீச்சர் கத்தரிக்கோலால் அதன் தலையை நறுக்கிவிட்டார். நான் அலறினேன். “கத்தாதீங்க. வெட்டுவாய் காயணும். நாலு நாளு மண்ணும் தண்ணியும் காட்டப்பிடாது.”

கருணைக்கடலான நான் அன்று மாலையே வெட்டிய தலையை நட்டு, பேச்சிப்பாறை அணையைத் திறந்துவிட்டேன். ஒரே வாரத்தில் அழுகியது. டீச்சர் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “அடக்கம் எப்ப சாரே?”

கடைசி மாதங்களை அவர் ஆஸ்பத்திரியில் கழித்தார். பூட்டிய வீட்டுக்குள் அவருடைய ஐந்து சக்குலென்ட் தொட்டிச் செடிகளும் வெளிறி, நீண்டு, சாய்ந்து கிடந்தன. அடக்கம் முடிந்த மறுநாள் மகள் ஜெஸ்ஸி என்னை அழைத்தாள். அந்த வாரமே அவள் கத்தார் திரும்ப வேண்டும்.

“அங்கிள், தொட்டியோட கொண்டுபோக முடியாது. அம்மா வளத்ததுல ஒண்ணாவது எனக்கு வேணும். நான் வெட்டுனா செத்திருமோன்னு பயமாருக்கு.”

எனக்கும் பயம்தான். ஐந்தையும் வெட்டி, தலைகளை நிழலில் செய்தித்தாளின் மேல் பரப்பினேன். நான்காம் நாள் வெட்டுவாய்கள் தோல்கட்டி உலர்ந்திருந்தன. ஜெஸ்ஸி அவற்றைத் தாளில் சுற்றித் துணிகளுக்கு நடுவில் வைத்தாள்.

“நட்டதும் வெள்ளம் ஊத்தணுமா அங்கிள்?”

“ஒரு வாரம் மறந்திரு மக்கா.”

“அம்மா சொல்லித் தந்ததா?”

“இல்ல. ஒண்ணக் கொன்னு படிச்சது.”

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

தலைகளெல்லாம் விமானம் ஏறிவிட்டன. டீச்சருடையது என்று என்னிடம் இருப்பவை அடியில் மிஞ்சிய ஐந்து மொட்டைத் தண்டுகள். வீட்டு முற்றத்தில் வைத்திருக்கிறேன். இன்றுவரை எதிலும் முளை காணவில்லை. “இதெல்லாம் துளுக்குமா?” என்று மனைவி கேட்டாள். வேறொரு நாளாயிருந்தால் ஒரு காட்டுக்கே வாக்குக் கொடுத்திருப்பேன்.

“தெரியல” என்று சொல்லிவிட்டு, தொட்டிகளை வெயில் விழும் பக்கமாக நகர்த்தினேன்.