ராணி பிடித்திருந்த கை

அந்தமானில், மாயாபந்தர் ஜெட்டியில் போட் வந்து முட்டுவதற்குள் அதைக் கட்டும் வடத்தோடு கரைக்குத் தாவிவிடுகிற லஸ்கர், ஜெயராமன். அந்தத் தாவலில் அவனுக்கு அப்படியொரு பெருமை. வீட்டில் பல்பு மாற்றச் சொன்னால் மட்டும் ஆயிரம் சாக்குச் சொல்வான், அது வேறு கதை. போன மழைக்காலத்தில் ஜெட்டிப் பாசியில் கால் வழுக்கி இடது முட்டியில் ஜவ்வு கிழிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து வந்தவனிடம் போட் மாஸ்டர் சொல்லிவிட்டார்: "தாவ முடிஞ்சா போட்டுக்கு வா. இல்லேன்னா டிக்கெட் கவுன்டர்ல உக்காரு."

அவன் மனைவி ராணிக்கு அந்தக் கவுன்டருக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம் போலிருந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை.

காலையில் வாசலில் பயிற்சி நடக்கும். மடித்த துண்டை முட்டிக்கு அடியில் வைத்து அழுத்த வேண்டும், காலை நீட்டித் தூக்க வேண்டும், கடைசியில் இடது காலில் மட்டும் நிற்க வேண்டும். அவன் பல்லைக் கடிப்பான். அவள் இடப்பக்கம் நின்று கையைப் பிடித்துக்கொண்டு "ஏக், தோ, தீன்" என்று எண்ணுவாள். வலியில் முகத்தைக் கோணிக்கொள்ளும் அந்த மனுஷன்மேல் கல்யாணமான புதிதில்கூட அவளுக்கு இத்தனை ஆசை வந்ததில்லை.

மாதங்கள் போயும் ஒற்றைக்காலில் நிற்க வரவில்லை. ஆஸ்பத்திரியில் பிசியோ ஷீலா அவனைத் தனியாக நிற்க வைத்துப் பார்த்தாள். உடம்பு இடப்பக்கமாகவே சாய்ந்தது.

"காலு டீக் ஹை, நல்லாத்தான் இருக்கு அண்ணா. வீட்டுல யாரு புடிச்சுக்கிறது?"

ராணி தலையைக் குனிந்துகொண்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் சொல்லிவிட்டாள்.

"வேணும்னேதான் கைய விடலைங்க. நீங்க கரையிலயே இருந்துட்டா தேவலைன்னு நெனச்சேன்."

கத்தப்போகிறான் என்று பயந்தாள்.

"தெரியும்டி," என்றான் அவன். "நானும்தான் விடச் சொல்லல. நல்லாத்தான இருந்துச்சு."

மறுநாள் அவள் எட்டி நின்று எண்ணினாள். இரண்டு தரம் விழப்போனான். ஓடிப்போய்த் தாங்கத் துடித்த மனசை அடக்கிக்கொண்டு கதவைப் பிடித்தபடி நின்றாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கால் நிலைத்தது.

மழை விட்ட வாரத்தில் அவன் வேலைக்குத் திரும்பினான். ராணி ஜெட்டிக்குப் போய்க் காத்திருந்தாள். போட் நெருங்கியதும் தாவினான். இடது காலை ஊன்றி நின்று, வடத்தை இரும்புக் குற்றியில் மாட்டினான். பயணிகளுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? மூட்டை முடிச்சோடு இறங்கிப் போனார்கள். ராணிக்குத்தான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அதான் நின்னுட்டேனே, இன்னும் ஏன் அழற?"

"நாளைக்கும் தாவணும்ல?"

அடுத்த டிரிப்புக்கு ஹாரன் அடித்தது. ராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, குனிந்து, வடத்தைத் தானே கழற்றி அவன் கையில் கொடுத்தாள்.