பாம்பில்லாத புற்றுக்கு ஆறு வெள்ளிப் பால்

இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்தின் பாரத்தில் புவனேந்திரன் அண்ணையின் இடது பக்கம் வலது பக்கத்தைவிட இரண்டு அங்குலம் தாழ்ந்துவிட்டது. நம்பாதவர்கள் அளந்து பார்க்கலாம். கழிவறைச் சாவி, படகுக் கொட்டில் சாவி, எந்தப் பூட்டுக்கு என்று அவருக்கே தெரியாத சாவிகள் பதினேழு. ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், மாநில அரசின் காட்டுப் பூங்காவில் அவர் உதவி மேலாளர்.

பத்தொன்பது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். எட்டு வருடம் உணவகத்தில் அவர் கழுவிய கோப்பைகளை அடுக்கினால் நிலவுக்கு ஏறிப்போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம். பிறகு இதே பூங்காவில் இலை கூட்டினார். முப்பத்தைந்து வயதில், மீசை முளைக்காத பொடியன்களோடு ஒரே வாங்கில் இருந்து தோட்டக்கலை அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியைப் படித்து முடித்தார். போன டிசம்பரில், ஐம்பத்திரண்டாவது வயதில், இந்தப் பதவி வந்தது. ஆறு மாதம் பார்த்துவிட்டு மேலாளர் கையெழுத்துப் போட்டால்தான் பதவி நிரந்தரம். இல்லையென்றால் மறுபடியும் இலை கூட்டல்.

நான் அங்கே புல் வெட்டுகிறவன். அண்ணை ஓடுவதைப் பார்த்தே எனக்குக் களைத்துவிடும். தொலைந்த நாயைத் தேடுவார், அடைத்த குழாயில் கை விடுவார், அன்னம் கடித்த பிள்ளைக்கு மருந்து போடுவார். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நேரத்தில் மரங்கொத்தி கொத்துகிறது, நடவடிக்கை எடுக்கவும் என்று ஒரு பென்சன்காரர் மூன்று பக்கம் எழுதியிருந்தார். மரங்கொத்திக்கு எங்கள் விதிகள் பொருந்தாது, மன்னிக்கவும் என்று அதற்கும் மரியாதையாகப் பதில் போட்டார்.

ஊசியிலைக் காட்டோரம் சிவப்பு எறும்புகள் கட்டிய மேடு ஒன்று உண்டு. காய்ந்த ஊசியிலைகளைக் குவித்து, என் நெஞ்சளவு உயரம். ஜெர்மனியில் அந்த எறும்புக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. எனக்குக்கூட அவ்வளவு இல்லை.

ஜூன் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் பார்த்தால், மேட்டின் ஒரு பக்கம் பூஞ்சணம் பிடித்து இறங்கிக் கிடந்தது. மேலே வெள்ளைப் படை, முட்டைக்கோது, சிவப்பும் மஞ்சளுமாய் ஏதோ தூள். மேலாளர் ஹார்ட்விக் அம்மா ஆறடி உயரம். அவருடைய சப்பாத்துச் சத்தத்துக்கு வாத்துகளே வரிசையில் நிற்கும். அவர் மண்டியிட்டுத் தூளைக் கிள்ளி ஒரு பையில் போட்டார்.

“யாரோ நஞ்சு வைத்திருக்கிறார்கள். இதைச் சோதனைக்கு அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் ஆளைக் கண்டுபிடியுங்கள்.”

அண்ணைக்குச் சோதனை தேவைப்படவில்லை, மூக்கே போதும். மஞ்சளும் குங்குமமும். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.

மத்தியானம் என்னிடம் மட்டும் சொன்னார்.

“அவாட்டைச் சொல்லியிருக்கலாமெல்லோ அண்ணை?”

“சொல்லிப்போட்டு? ‘உங்கடை ஆக்கள்’ எண்ட சொல்லு விழக்கூடாதெண்டு முப்பது வருசமா ஓடித் திரிஞ்சனான். இப்ப நானே போய், எங்கடை ஆக்கள்தான் எண்டு கையைத் தூக்கோணுமோ?”

“பிறகு தெரியவந்தா வேலை போயிடும்.”

“ஓம். நீ சாப்பிடு.”

ஒரே இருப்பில் ஒரு பேக்கரியை முடிக்கிற மனிதர் அன்றைக்கு அரைப் பாணோடு எழுந்துவிட்டார்.

புற்றுக்குப் பால் வார்க்கிற ஆள் வெள்ளியில்தான் வரும் என்று அண்ணை கணக்குப் போட்டார். வெள்ளி காலை எட்டு மணிக்கே மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மரத்தின் பின்னால் ஒளிந்து நின்றோம். மரம் அண்ணையை மறைத்தது. என் வயிறு இரண்டு பக்கமும் தெரிந்தது. சில்லு வைத்த பையை இழுத்துக்கொண்டு வந்தவர், எங்கள் ஊர்த் தமிழ்க் கலியாணங்களுக்கெல்லாம் பலகாரம் சுடுகிற பாலாம்பிகை அக்கா. பையிலிருந்து பால் பெட்டியை எடுத்தார். மூன்றரை வீதக் கொழுப்பு, முழுப் பால்.

“அக்கா, நில்லுங்கோ!”

“ஐயோ! ஆரது, புவனமே? மரத்துக்குப் பின்னாலை நிண்டு பொம்பிளையளைப் பயப்பிடுத்தவோ உனக்கு அரசாங்கம் சம்பளம் தருகுது?”

“என்ன அக்கா செய்யிறியள்?”

“பாத்தாத் தெரியேல்லையே? என்ரை பிள்ளை மிதுசாவுக்கு நாகதோசம். அதுதான் கலியாணம் ஒண்டும் பொருந்துதில்லை. ஒன்பது வெள்ளி புத்துக்குப் பால் வாக்கச் சொல்லி ரொறன்ரோச் சாத்திரியார் வாட்ஸப்பிலை சொன்னவர். இந்த நாட்டிலை புத்துக்கு எங்கை போறது? ஒரு வருசமாத் தேடினனான். அம்மாள் காட்டித் தந்தவா. இண்டைக்கு ஏழாவது.”

“இதுக்குள்ளை பாம்பு இல்லையக்கா. எறும்பு மட்டும்தான்.”

“ஊரிலை மட்டும் பாம்பே புத்துக் கட்டுது? கறையான் கட்டும், பாம்பு பிறகு குடிவரும். இங்கையும் வரும், பொறு.”

“மிதுசாவுக்கு இது தெரியுமோ?” என்று நான் கேட்டேன்.

“பல்லு டொக்டரடா அவள். தெரிஞ்சா முதல் என்ரை பல்லைத்தான் கழட்டுவாள்.” அக்கா பெட்டியின் மூடியைத் திருகினார். “இன்னும் மூண்டே மூண்டு வெள்ளி, தம்பி. கண்ணை மூடிக்கொண்டு நில்லன்.”

அண்ணை கண்ணை மூடவில்லை, கத்தவும் இல்லை. “ஊத்த முதல் ஒருக்கால் குனிஞ்சு பாருங்கோ அக்கா” என்றார்.

அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக் குனிந்தார். பூஞ்சணம் பிடித்த பக்கத்திலிருந்து எறும்புகள் சாரிசாரியாக வெளியே வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் வெள்ளையாய் ஒன்று.

“அரிசி காவுதுகள்.”

“அரிசி இல்லையக்கா, குஞ்சுகள். நீங்கள் ஊத்தின பால் புளிச்சு உள்ளுக்கை எல்லாம் பூஞ்சணம். இருக்க ஏலாமல் பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டுதுகள்.”

பாலாம்பிகை அக்கா இன்னும் கிட்டக் குனிந்தார். தொண்ணூற்றைந்தில், போருக்குப் பயந்து யாழ்ப்பாணம் முழுக்க ஊரைவிட்டு வெளிக்கிட்ட அந்த மழை இரவில் மிதுசாவுக்குப் பதினொரு மாதம்.

“நாவற்குழிப் பாலத்திலை சனம் நெருக்கேக்கை, இப்பிடித்தான் இவளைத் தலைக்கு மேலை தூக்கிப் பிடிச்சனான்” என்றார்.

மூடியை மறுபடியும் இறுக்கிப் பெட்டியைப் பைக்குள் வைத்தார்.

“உன்ரை பெரிய மனிசி எங்கை இருக்கிறா?”

“நான் கதைக்கிறன் அக்கா. நீங்கள் வீட்டை போங்கோ.”

“செய்தது நான். வழியைக் காட்டு.”

அலுவலகத்தில் ஹார்ட்விக் அம்மா சோதனைக் கடதாசியைத் தலைகீழாகவும் நேராகவும் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நஞ்சைத் தேடினால் மஞ்சள் வந்திருக்கிறது. அக்கா தன் நெஞ்சைத் தொட்டு, தெரிந்த ஜெர்மன் முழுவதையும் கொட்டினார்: “நான். பால். நான்.”

மிச்சத்தை அண்ணை மொழிபெயர்த்தார். நாகதோசத்துக்கு ஜெர்மனில் சொல் இல்லை. கையைப் பாம்புப் படம்போல விரித்துக் காட்டினார். ஹார்ட்விக் அம்மா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். அதோடு முடித்திருக்கலாம். அண்ணை முடிக்கவில்லை.

“திங்கட்கிழமையே எனக்குத் தெரியும். மணத்திலேயே பிடித்துவிட்டேன். எங்கள் ஆட்கள் என்று வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருந்தேன்.”

ஹார்ட்விக் அம்மா யார் ஆட்கள் என்று ஒரு சொல்லும் பேசவில்லை. “திங்களே சொல்லியிருந்தால் அன்றைக்கே அந்தப் பக்கத்தைச் சுத்தம் செய்திருக்கலாம். நாலு நாள் வீண். எத்தனை ஆயிரம் எறும்பு, புவனேந்திரன்?” என்று மட்டும் கேட்டார்.

அக்காவுக்கு எழுத்தில் எச்சரிக்கை கிடைத்தது. அண்ணைக்குக் கையெழுத்துக் கிடைக்கவில்லை. இன்னும் மூன்று மாதம் பார்ப்போம் என்றார் மேலாளர்.

அந்த மூன்று மாதமும் சனிக்கிழமைகளில் பாலாம்பிகை அக்கா தானாக வந்தார். மேட்டைச் சுற்றி வேலி போட அண்ணைக்குக் கம்பு பிடித்துக் கொடுத்தார். “நேராப் பிடிக்கத் தெரியாத உனக்கு ஆரடா பதவி தந்தது?” என்று மணிக்கு நாற்பது தரம் ஏசினார். பழைய மேட்டிலிருந்து பத்தடி தள்ளி முழங்காலுயரத்தில் ஒரு புது மேடு எழும்பியது. அண்ணை தினமும் போய் அதற்குக் காலை வணக்கம் சொல்லாத குறை.

செப்டம்பரில் ஹார்ட்விக் அம்மா அவரைக் கூப்பிட்டார். பேனையின் மூடியைக் கழற்றிவிட்டு நிறுத்தினார்.

“இனி ஏதாவது மணத்தால்?”

“அன்றைக்கே வந்து சொல்வேன்.”

“யார் செய்ததாக இருந்தாலும்?”

“நானே செய்ததாக இருந்தாலும்.”

கையெழுத்து விழுந்தது.