மூஞ்சி காட்டாத ஆள்

என் அக்காவுக்கு நாடகம் இல்லாமல் சோறு இறங்காது. சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் ஓரம் குடியிருந்தவரை கேபிள் இருந்தது, சேர்ந்து உட்கார்ந்து வில்லியைத் திட்ட நாலு பேர் இருந்தார்கள். வீடுகளை இடித்து எல்லோரையும் பெரும்பாக்கத்து அடுக்குமாடிக்கு அனுப்பியதில் இரண்டும் போயின. அவள் இருக்கும் மாடியில் போன் பேசவே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்ட வேண்டும். மகன் ஃபேக்டரி வேலைக்குப் போய் ஹாஸ்டலில் தங்கிவிட்டான். அவன் பள்ளிக்கூடத்தில் வாங்கிய அரசாங்க லேப்டாப் மட்டும் வீட்டில் கிடந்தது.

அதில் போட்டுப் பார்க்க நான் நாடகம் பிடித்துக் கொடுத்தேன். மந்தைவெளியில் ஓர் அறையும் சமையலறையுமான போர்ஷனில் நானும் என் வீட்டுக்காரரும் இருக்கிறோம். இங்கே நெட் உண்டு. ஆனால் ஆப்பில் டவுன்லோட் செய்தால், இறக்கிய இடத்தை விட்டு வேறெங்கும் ஓடமாட்டேன் என்று அது அடம்பிடிக்கும். அதனால் என் லேப்டாப்பில் நாடகத்தை ஓடவிட்டு, திரையை அப்படியே ரெக்கார்டு செய்வேன். முதலில் படம் விழுந்தது, சத்தம் விழவில்லை. மயிலாப்பூரில் நான் டைப் அடிக்கும் ஜெராக்ஸ் கடையில் விசாரித்தேன். மைக்கை ஆன் செய்து ஸ்பீக்கரைச் சத்தமாக வை, தன் சத்தத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் என்றார்கள். பிடித்துக்கொண்டது.

வீட்டுக்காரர் அடையாறில் ஒரு பங்களாவில் கார் ஓட்டுகிறவர். காலையில் சாப்பாட்டு டப்பாவோடு எனக்கு முன்பே கிளம்பிவிடுவார். நான் ஃபேனை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, ரெக்கார்டை அழுத்திவிட்டுக் கதவைப் பூட்டுவேன். ஆளில்லாத வீட்டில் நாடகம் தன்பாட்டுக்கு ஓடும். ஞாயிற்றுக்கிழமை பென் டிரைவை எடுத்துக்கொண்டு பெரும்பாக்கத்துக்குப் பஸ் ஏறுவேன்.

ஒரே ஒரு தொல்லை இருந்தது. சில எபிசோடுகள் ஓடியதும் ஆப் தானாக நின்று, ‘இன்னும் பார்க்கிறீர்களா?’ என்று திரையில் கேட்கும். ஆமாம் என்று யாராவது அழுத்தினால்தான் மேலே ஓடும். பூட்டிய வீட்டில் யார் அழுத்துவது? சாயங்காலம் வந்து பார்த்தால் அந்தக் கேள்வி மட்டும் திரையில் காத்துக்கொண்டு நிற்கும். பிறகு சில வாரங்களாக அப்படி நிற்கவே இல்லை. எல்லாம் முழுசாக விழுந்திருந்தது. ஆப் நடத்துகிறவன் ஒருவழியாகத் திருந்திவிட்டான் என்று சந்தோஷப்பட்டு, எதையும் போட்டுப் பார்க்காமலே கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிறு நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அக்கா பிடித்துக்கொண்டாள்.

“யாருடி அந்த ஆளு? மூஞ்சியே காட்ட மாட்டேன்றான்?”

“எந்த ஆளுக்கா?”

“நாடகம் நிக்கிது, எழுத்து வருது இல்ல? அப்போ ஒரு ஆம்பள பேசறான். உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்னு ஆரம்பிக்கிறான், அத்தோட கம்முனு ஆயிடறான். அடுத்த தபாவும் அதையேதான் சொல்றான். இன்னாத்தான் சொல்லப்போறான்னு எனுக்கு மண்ட காயுது.”

அந்த நாடகத்தில் அப்படி யாரும் கிடையாது. கதை எனக்குத் தெரியும். அவளுக்குக் காது கோளாறு என்று கிண்டல் செய்தேன். அவள் முறைத்துக்கொண்டே ஓட்டிக் காட்டினாள்.

நல்ல பகல். கீழே பிள்ளைகள் கத்தி விளையாடிக்கொண்டிருந்தார்கள். திரையில் கதாநாயகி அழுதாள். அவள் அழுகைக்கு அடியில் ஒரு பூட்டு திறந்தது. அடுத்து ஒரு ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. சுற்றுக்கு ஒருதரம் கிறீச்சென்றது. அது எங்கள் ஃபேன். நான் அணைத்துவிட்டுப் போன ஃபேன். தண்ணீர் மொண்டு குடிக்கும் சத்தம் கேட்டது, தம்ளரைக் கவிழ்த்து வைக்கும் சத்தம் கேட்டது. சாயங்காலங்களில் அந்தத் தம்ளர் ஈரமாக இருந்ததும், அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளாததும் அப்போதுதான் ஞாபகம் வந்தன. நான் இல்லாத நேரத்து என் வீட்டை ஊருக்கு வெளியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாடகம் நின்றது. ‘இன்னும் பார்க்கிறீர்களா?’ நாற்காலி இழுபட்டது. யாரோ மைக்குக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மூச்சு விட்டார்கள்.

“இந்தாமே,” என்றது குரல். “உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்.”

அவ்வளவுதான். ஒரு க்ளிக். கதாநாயகி விட்ட இடத்திலிருந்து அழுதாள்.

இந்த உலகத்தில் என்னை ‘இந்தாமே’ என்று கூப்பிடுகிறவர் ஒரே ஒருவர். அக்காவுக்குக் குரல் பிடிபடாததில் ஆச்சரியமில்லை. ‘தம்பி, தம்பி’ என்று இவள் உருகினாலும், அவர் இவள் முன்னால் தலையைத்தான் ஆட்டுவார். பேயாக இருந்திருந்தால் தேவலை என்று தோன்றியது. அடையாறில் இருக்க வேண்டிய மனிதர், என்னிடம் சொல்ல முடியாத எதையோ பூட்டிய வீட்டில் ஒரு பெட்டியிடம் சொல்லிப் பார்க்கிறார். என்ன அது? நோயா? வேறு ஒருத்தியா?

“எனக்கும் தெரியலக்கா,” என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டிருக்கலாம். கேட்டுவிட்டால் வரப்போகிற பதிலோடுதானே அப்புறம் குடித்தனம் நடத்த வேண்டும்? அன்று அவருக்குச் சோறு போடும்போது அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

மறுநாள் கடையிலிருந்து போன் செய்தேன்.

“டூட்டில கீறேன்மே. வண்டி ஓட்டிக்கினு கீறேன், அப்பால பேசறேன்.”

அவர் குரலுக்குப் பின்னால் கிறீச், கிறீச். அதற்கும் பின்னால் அக்காவுடைய நாடகத்தின் பாட்டு.

கடை இருக்கும் மாட வீதியிலிருந்து மந்தைவெளிக்கு நடந்தே போனேன். ஆட்டோ பிடித்தால் சீக்கிரம் போய்விடுவேனே என்று பயம்.

கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே ஜன்னலை அவர் திறக்கவில்லை. பட்டப்பகலில் அறை இருட்டாக இருந்தது, திரை வெளிச்சம் மட்டும். பனியனோடு எனக்கு முதுகைக் காட்டி லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தார். மடியில் நான் கட்டிக்கொடுத்த டப்பா, திறக்காமல். நாடகம் நின்று அந்தக் கேள்வி வரும்வரை அவர் அசையவில்லை, நானும் அசையவில்லை.

“இந்தாமே,” என்றார் திரையைப் பார்த்து. “உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லுயா,” என்றேன்.

லேப்டாப்தான் பதில் சொல்லிவிட்டதோ என்று அவர் ஒரு கணம் நடுங்கிப்போனாராம். திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. அந்த மனிதர் அழுது நான் அதற்குமுன் கேட்டதில்லை. நான் போய் ரெக்கார்டை நிறுத்தியதும்தான் அவருக்குப் பேச்சு வந்தது. பங்களாக்காரர்கள் காரை விற்றுவிட்டு, மகனோடு இருக்க வெளிநாடு போய்விட்டார்கள். வேலை போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. முதலில் பீச்சில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார், வெயில் தாங்காமல் வீட்டுக்கு வர ஆரம்பித்திருக்கிறார். போகட்டும், அந்தக் கேள்வி வந்தபோதெல்லாம் எதற்கு அழுத்தினாய் என்று கேட்டேன்.

“நின்னுபூட்டா உங்கக்கா பாவம் இல்ல?” என்றார்.

மைக் ஆனில் இருந்தது தனக்குத் தெரியாது என்றுதான் இன்றுவரை சொல்கிறார்.

அந்த இடத்தை வெட்டிவிட்டு அக்காவுக்குக் கொடுத்திருக்கலாம். எனக்கு வெட்டத் தெரியும். ஆனால் திறந்து அந்த அழுகையை இன்னொரு தடவை கேட்கத் தெம்பில்லை. அப்படியே ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டு நாளில் அக்கா போன் செய்தாள். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியிருக்கிறாள் என்பது காற்றின் இரைச்சலிலேயே தெரிந்தது.

“இன்னாடி, அந்த ஆளுக்குப் பதில் கெடச்சிருச்சு. ஒரு பொம்பள வந்து சொல்லுயான்றா. அதுக்கப்பறம் அவன் ஒண்ணுமே சொல்லல. அழுதுகினே கீறான்.”

என் குரல் அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

“தம்பி சாப்ட்டாராடி?” என்றாள்.